குடிக்காதவளின் ஈரல்

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பிரஷர் அக்கா என்று பெயர். பாய்லரின் நீராவிப் பிரஷரைப் பார்த்துக்கொள்கிறவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வேண்டுமென்றால் அவளிடம் ஒரே ஒரு தடவை ஏடாகூடமாகப் பேசிப் பார்த்தால் போதும். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் லாரியில் வந்து இறங்கி, வெளுத்து, உலர்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகிற இடம் அது. எண்பது பேருக்கு வேலை. அத்தனை இயந்திரத்துக்கும் சூடு கொடுப்பது பின்கட்டில் நிற்கும் ஒரே ஒரு பாய்லர்.

பதினெட்டு வயதில் உறை மடிக்க வந்தவள் அவள். அப்போது பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பாதி நேரம் தூங்குவான். நீராவி குறைந்து, இஸ்திரி உருளையில் சூடு இறங்கி, விரிப்பெல்லாம் ஈரமாக வந்து விழும். "போய் அவனை எழுப்பிட்டு வா" என்று இவளை விரட்டுவார்கள். எழுப்பப் போய்ப் போய் வேலையையே கற்றுக்கொண்டுவிட்டாள். லைசென்ஸ் பரீட்சைக்குப் போனபோது மண்டபத்தில் அறுபத்திரண்டு ஆண்கள், இவள் ஒருத்தி. மேற்பார்வைக்கு வந்தவர், "அம்மா, பரீட்சை எழுதுறவங்க மட்டும்தான் உள்ள உக்காரணும்" என்றார். "அதான் சார் உக்காந்திருக்கேன்" என்றாள். முதல் தடவை தோற்றாள், யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுபடி எழுதித் தேறினாள். அதிலிருந்து பதினாறு வருடம் அந்தப் பாய்லர் அவள் கையில். ஒரு நாள்கூடத் தண்ணீர் மட்டம் தவறியதில்லை.

அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பகை உண்டு. அது குடி. அவள் அப்பா குடித்தே செத்தார். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, கடைசி இரண்டு மாதம் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த இவள்தான். அதன்பிறகு இருமல் மருந்தைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். நெடி அடித்தால் குப்பைக்குப் போகும். பெண் பார்க்க வந்த தையல்காரரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "குடிப்பீங்களா?" அவர் பயந்துபோய், "டீ மட்டும்" என்றார். அந்தப் பயம் பிடித்துப்போய் அவரையே கட்டிக்கொண்டாள்.

நாற்பத்தாறாவது வயதில் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இல்லை. சாயங்காலம் ஆனால் போதும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுக்கு அடியில் ஊர்வது மாதிரி அரிக்கும். எந்தச் சொறிதலுக்கும் எட்டாத அரிப்பு. புருஷனின் மரஸ்கேலை எடுத்துப் பாதத்தில் போட்டுத் தேய்ப்பாள். "அது துணி அளக்குற ஸ்கேலு" என்பார் அவர். "இப்ப என் பொறுமைய அளக்குது, விடுங்க" என்பாள். பாய்லர் மேடைக்கு ஏறும் ஏணியில் ஒன்பது படி. முன்பெல்லாம் ஏறியதே தெரியாது. இப்போது ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

மூன்று டாக்டர்கள், மூன்று களிம்பு. முதலாமவர் சலவைத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவள் சலவைத்தூளைத் தொட்டுப் பதினாறு வருடம் ஆகிறது என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாமவர் சொறி என்று முடிவு கட்டி, வீட்டுத் துணியெல்லாம் வெந்நீரில் துவைக்கச் சொன்னார், அதுவும் யாரிடம்! மூன்றாமவர் மனக்கவலை என்றார். "கவலை இருக்கு டாக்டர், இந்த அரிப்புதான் கவலை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வருடத்துத் தகுதிப் பரிசோதனை வந்தது. பாய்லர் ஆளுக்கும் லாரி ஓட்டுபவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர் சான்று வேண்டும். கம்பெனி டாக்டர் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு மேஜையைப் போட்டுக்கொள்வார். பக்கத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முந்தின வாரமே ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். அவர் அந்தத் தாளைப் பார்த்தார். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"நாலு மாசமா டாக்டர். சாயங்காலம் ஆனா உள்ளங்கையெல்லாம்..."

"அரிப்பைக் கேக்கல. குடியைக் கேக்குறேன். எவ்வளவு நாளா?"

அவருக்கு இயல்பிலேயே பெரிய குரல். கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றது.

"நான் குடிக்கிறதில்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. வாய் பொய் சொல்லும், ஈரல் பொய் சொல்லாது. குடிக்காம இந்தக் கணக்கு இவ்வளவு ஏறாது."

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்பார்கள். இவள் எந்த மரத்தடியிலும் உட்காரவே இல்லை. அதுதான் ஆத்திரம். டாக்டர் ஒரு தாளை நீட்டினார். குடியை விட்டுவிடுகிறேன், மாதா மாதம் பரிசோதனைக்கு வருகிறேன் என்று உறுதிமொழி. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே பாய்லருக்குத் திரும்பலாம். போடாவிட்டால் அடுத்த வருடம் வரை சான்று கிடையாது, அழுக்குத் துணி பிரிக்கிற மேஜைக்குப் போக வேண்டும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். அவளைத் தனியாக அழைத்து, "அக்கா, குடிக்கல இல்ல? அப்ப குடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறதுல என்ன கஷ்டம்?" என்று கெஞ்சினார்.

"திருடாதவன்கிட்ட இனிமே திருட மாட்டேன்னு எழுதி வாங்கி ஃபைல்ல வெச்சா, நாளைக்கு அதைப் பாக்கிறவன் என்ன சார் நினைப்பான்?"

மேனேஜர் தாளை மடித்து மேஜைக்குள் போட்டார். அதில் அவள் கையெழுத்து இல்லை.

மறுநாள் முதல் அழுக்கு மேஜை. ஓட்டல் துணிகளைப் பிரிப்பது சின்ன வேலையில்லை. ரத்தக்கறை ஒரு கூடை, எண்ணெய்க்கறை ஒரு கூடை, மதுக்கறை ஒரு கூடை. அந்த மூன்றாம் கூடை அவளுக்குக் குமட்டும். லாரியில் மூட்டை ஏற்றுகிற ஒருவன், "அக்காவுக்கு வாசனையாவது கிடைக்குதே" என்றான். அவள் கூடையிலிருந்த சிவப்புக்கறை மேஜைவிரிப்பை எடுத்து அவன் தோளில் போர்த்தி, "பொன்னாடை. வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போ, உன் பொண்டாட்டி கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் மூட்டை ஏற்ற வரவில்லை.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் நாத்தனாரும் அங்கேதான் இஸ்திரிப் பிரிவில் வேலை. செய்தி அவளோடு நடந்தே வீட்டுக்கு வந்தது. "அப்பா ரத்தம் அண்ணி, எங்க போகும்? நாங்க என்ன வேத்து மனுஷங்களா, சொல்லியிருந்தா நாங்களே பாத்துப் பக்குவமா விடவெச்சிருப்போமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கரிசனம்தான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

"நான் குடிக்கிறதில்லடி."

"சரி அண்ணி, சரி" என்றாள் நாத்தனார், குழந்தையிடம் சொல்வது போல.

புருஷன் நம்பினார். ஆனால் அவருக்குச் சண்டை ஆகாது. "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்? கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாரேன்" என்றார்.

"உங்களை நாளைக்கு ஒருத்தன் துணி திருடுற டெய்லர்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"இப்பவும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க" என்றார் அவர், ஊசியில் நூலைக் கோத்தபடி. அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். சிரித்தாலும் பிடிவாதம் அப்படியே இருந்தது. ரத்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஈரல் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளங்கையில அரிப்பு உண்டா? சாயங்காலத்துல கூடுதா?"

இத்தனை மாதத்தில் அரிப்பைத் தானாகக் கேட்ட முதல் மனிதர் அவர். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னும் சில ரத்தப் பரிசோதனை ஆனது. ஈரலுக்குள் பித்தநீர் ஓடுகிற மெல்லிய குழாய்களை உடம்பின் காவல் அணுக்களே தப்பாக எதிரி என்று நினைத்து அடிக்கின்றன என்றார் டாக்டரம்மா. குழாய் வீங்கி அடைபடுகிறது. குடலுக்குப் போக வேண்டிய பித்தநீர் ஈரலிலேயே தேங்குகிறது. அதிலுள்ள பித்த அமிலங்கள் சேர்ந்து ஈரலைப் புண்ணாக்குகின்றன. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அவள் காதில் தங்கியது இரண்டே வார்த்தை: குழாய், அமிலம். இந்த இரண்டிலும் அவளுக்குத் தெரியாதது உண்டா? பாய்லர் குழாயில் உப்புப் படிந்தால் அமிலம் ஊற்றித்தான் கழுவுவார்கள். கழுவி முடித்ததும் மிச்ச அமிலம் இரும்பைத் தின்னாமல் இருக்கச் சோடா கரைத்து விட்டு, லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பார்கள். தாள் சிவக்காமல் இருந்தால் பாய்லர் பிழைத்தது. ஆகவே அவள் சமையல் சோடாவை வாங்கிவந்தாள். காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி, தண்ணீரில் கலக்கி மடக் மடக்கென்று குடித்தாள். பாய்லர் கட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வீட்டில் கிடந்த லிட்மஸ் தாளை எடுத்துத் தன் சிறுநீரையும் சோதித்தாள். தாள் நீலமாகவே இருந்தது. பதினாறு வருட அனுபவம் வீண்போகவில்லை என்று பெருமைப்பட்டாள்.

மூன்றாவது வாரம் கால் இரண்டும் வீங்கி, தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் அலமாரியில் சோடாப் பொட்டலங்களைப் பார்த்து, வீட்டில் இத்தனை சோடா எதற்கு என்று திகைத்து, அவளையும் பொட்டலத்தையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்தார், லிட்மஸ் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்களைத் திட்டுறதா, உங்களுக்கு வேலை போட்டுக் குடுக்குறதான்னு தெரியல" என்றார். அப்புறம் நன்றாகவே திட்டினார். இத்தனை உப்பு உடம்பில் ஏறினால் நீர் கோக்காமல் என்ன செய்யும்? புருஷனை வெளியே அனுப்பி மருந்து வாங்கிவரச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நீங்க பாய்லர்ல ஊத்துற அமிலம் இல்ல. பேருதான் அமிலம், வேலை சோப்பு வேலை. ஈரல் கொழுப்புச்சத்துலேர்ந்து இதைச் செஞ்சு குடலுக்கு அனுப்புது. அங்க போனா நீங்க சாப்பிட்ட எண்ணெயைக் கரைக்குது. நல்ல பிள்ளை. ஆனா போக வேண்டிய எடத்துக்குப் போகணும்."

"போகலேன்னா ஈரலை அரிச்சுத் தின்னுடுமா?"

"ரொம்ப நாள் நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அளவு மீறினா செல்லைக் கொல்லவும் செய்யும், அதுவும் உண்டு. ஆனா அதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு நடக்குது. பித்த அமிலத்துல ஊறின ஈரல் செல்லு சும்மா சாகாது, சத்தம் போடும். ரத்தத்துல ஆபத்துன்னு செய்தி அனுப்பும். அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் கும்பலா ஓடி வரும். வந்த எடத்துல எதிரியைக் காணோம். ஆனா வந்தது வந்தாச்சு, அடிக்காமப் போகுமா? கெட்ட செல்லு, நல்ல செல்லு எல்லாத்தையும் போட்டு அடிக்கும். அதுதான் வீக்கம். அடி விழுந்த எடம் தழும்பாகும். தழும்பு சேந்துக்கிட்டே போனா ஈரல் சுருங்கும்."

"அப்ப கெடுதல் பாதி, கூடி வந்தவங்க பண்றது" என்றாள். சாப்பாட்டுக் கூடம் அவள் கண்ணில் வந்துபோனது.

"பாதிக்கு மேலேன்னு சொல்றவங்களும் இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "நான் குடுத்த மாத்திரை இருக்கே, அதுவும் ஒரு பித்த அமிலம்தான். சாது. அது சேந்தா மத்ததோட காரம் குறையும், நீர் ஓடும், சத்தம் அடங்கும்."

"முள்ளை முள்ளால எடுக்குறீங்க."

"அதேதான். ஆனா ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது போற நோய் இல்ல. ஆயுசுக்கும் மாத்திரை. பல பேருக்கு நல்லாக் கேக்கும். கேக்கலேன்னா ஒரு நாள் வேற ஈரல் வெக்கிற அளவுக்குப் போகலாம். உங்க கம்பெனிக்குக் கடிதம் தர்றேன். கடைசிப் பத்தியில இதையும் எழுதுவேன், எழுதாம விட முடியாது."

கதவுக்கு வெளியே புருஷன் மருந்துப் பையோடு நிற்பது தெரிந்தது. அவள் அவரிடம், "மாத்திரை போட்டா சரியாயிடுமாம்" என்று மட்டும் சொன்னாள். வேறு யாரிடமும் அதைக்கூடச் சொல்லவில்லை. நாத்தனார் காதுக்குப் போனால் பாவம், பரிதாபம் என்று வீடே ஒப்பாரி வைக்கும். அதற்கு அவள் தயாராக இல்லை. ஒட்டிய கவரை அப்படியே மேனேஜரிடம் கொடுத்தாள். மேனேஜர் கம்பெனி டாக்டருக்கு அனுப்பினார். பதிலே வரவில்லை.

மாதங்கள் ஓடின. சோடா போயிற்று, கால் வடிந்தது, அரிப்பு பாதியானது. அழுக்கு மேஜையில் நின்றபடியே பின்கட்டுப் பாய்லரின் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டிருக்கும். கான்ட்ராக்டில் வந்த புது ஆள் பாய்லரின் அடியில் சேறு சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடச் சோம்பேறித்தனப்பட்டான். ஒருநாள் நீராவியோடு தண்ணீரும் கலந்து குழாயில் மடமடவென்று இடித்தது. யாரிடமும் கேட்காமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். வால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை வெளியேற்றி, மட்டம் பார்த்து, சத்தம் அடங்கிய பிறகு திரும்பி வந்து மேஜையில் நின்றுகொண்டாள். மேனேஜர் பார்த்தும் பார்க்காதது மாதிரி போனார். அந்த வேலை இல்லாமல் அவள் பாதி ஆளாகத்தான் இருந்தாள், அது அவளுக்கே தெரியும்.

மறுபடி பரிசோதனை நாள் வந்தது. அதே கூடம், அதே மேஜை, அதே டாக்டர். இந்த வருடம் எல்லாப் பிரிவுக்கும் பரிசோதனை என்பதால் வரிசை வாசல்வரை நின்றது. அவளுக்கு நாலு பேர் பின்னால் நாத்தனார். டாக்டர் புதுத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். போன வருடம் ஐந்நூற்றுச் சொச்சமாக இருந்த கணக்கு இப்போது நூற்றைம்பது.

"பாத்தீங்களா! நிறுத்தினதும் எப்படி இறங்கிடுச்சு!" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார். "வெரி குட். மத்தவங்களுக்கெல்லாம் நீங்க ஒரு உதாரணம்மா. சான்று எழுதிடுறேன். இன்னைக்கே பாய்லருக்குப் போகலாம்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மாத்திரை இறக்கியதை இவர் தன் அதட்டல் இறக்கியதாக எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மேனேஜர் டாக்டருக்குப் பின்னால் நின்று, வாயில் விரலை வைத்துக் கண்ணால் கெஞ்சினார்: பேசாதே அக்கா, முடிந்தது, போய்விடு. பேனா பாதி வரியில் இருந்தது. பதினைந்து எட்டு வைத்தால் பாய்லர் கட்டு.

"டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக் கடிதம் ஒண்ணு குடுத்தேன்."

"இருக்கும்மா, ஃபைல்ல இருக்கு."

"பிரிச்சுப் படிங்க."

அவர் ஃபைலைப் புரட்டினார். கவர் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அவர் காது கொஞ்சம் சிவந்தது. பிரித்து மனத்துக்குள் படிக்க ஆரம்பித்தார்.

"சத்தமாப் படிங்க டாக்டர். போன வருஷம் சொன்னப்ப சத்தமாத்தானே சொன்னீங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் படித்தார். பித்தக் குழாய் அழற்சி. பித்த அமிலத் தேக்கம். அதனால் ஈரலில் வீக்கம். "'இவருக்கு எக்காலத்திலும் மதுப்பழக்கம் இருந்ததில்லை. இந்த நோய்க்கும் மதுவுக்கும் தொடர்பு இல்லை.'" அந்த இடத்தில் அந்தப் பெரிய குரல் நன்றாகவே இறங்கிவிட்டது. கண் அடுத்த பத்திக்கு ஓடியது. சட்டென்று தாளை மடித்தார்.

"சரிம்மா. புரிஞ்சுது. என் தப்புதான்."

"இன்னும் ஒரு பத்தி இருக்கு."

"அது வேணாம்மா" என்றார் மெதுவாக. "அது உங்க சொந்த விஷயம்."

"போன வருஷம் சொன்னதும் என் சொந்த விஷயம்தான். இப்ப பாதியில நிறுத்தினீங்கன்னா, மீதியில என்ன இருந்துச்சோன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. முழுசாப் படிங்க."

படித்தார். "'தற்போதைய நிலையில் பாய்லர் வேலை உட்பட வழக்கமான வேலைகளைச் செய்யலாம். நோய் ஆயுள் முழுவதும் இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் ஈரல் சுருங்கி, மாற்று ஈரல் பொருத்த வேண்டி வரலாம்.'"

பின்னால் வரிசையில் நாத்தனார், "ஐயோ" என்றது கேட்டது. பிரஷர் அக்கா திரும்பவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "இது இருக்குன்னு தெரிஞ்சுமா படிக்கச் சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா இந்நேரம் வேலைக்குப் போயிருக்கலாமே."

"நோய் என்னுது டாக்டர், நான் வெச்சுக்கிறேன். குடி என்னுது இல்ல. அதை எடுத்துடுங்க."

அவர் போன வருடத்துத் தாளை எடுத்து, குடிப்பழக்கம் என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடும்வரை அவள் நகரவில்லை. போட்டார். பிறகு தகுதிச் சான்றிலும் போட்டார்.

நாத்தனார் வரிசையை விட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தாரை தாரையாக நீர். "ஏன் அண்ணி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இவ்வளவு பெரிய நோயை?"

"நான் குடிக்கிறதில்லன்னு ஒரு வருஷமா உங்கிட்டச் சொல்லிட்டு இருந்தேன்" என்றாள் பிரஷர் அக்கா. "அதையே நீ நம்பல. இதை எந்த வாயால சொல்லுவேன்?"

நாத்தனாரின் பிடி தளர்ந்தது. பிரஷர் அக்கா கையை விடுவித்துக்கொண்டு, சான்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். அரிக்கிற உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தபடி பாய்லர் கட்டைப் பார்த்து நடந்தாள்.